கீழே நிற்கிற மாமா

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓடும் ஒழுங்கைகளில் ஒன்றில் பௌஸியைத் தெரியாதவர்கள் குறைவு. அவரைப் பிடித்தவர்கள் அதைவிடக் குறைவு. பகலில் அவர் காலி வீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மனேஜர். மிச்ச நேரமெல்லாம் குப்பைக்கு.

அவர் குடியிருக்கும் அடுக்குமாடியின் சங்கச் செயலாளர் பதவி ஒருவருக்கும் வேண்டாத ஒன்று. அவருக்கு மட்டும் அது வேண்டியிருந்தது. உக்கி மண்ணாகும் குப்பைக்குப் பச்சைப் பேக், உக்காததற்குக் கறுப்புப் பேக் என்பது ஊரெல்லாம் உள்ள சட்டம். அதைக் கடைப்பிடிக்காமலிருப்பதும் ஊரெல்லாம் உள்ள பழக்கம். பௌஸி சட்டத்தின் பக்கம் நின்றார். பிறகு சட்டத்தையும் தாண்டிப் போனார். பக்கத்துக் கட்டடங்களின் குப்பை தங்கள் தலையில் விழக்கூடாது என்று, ஒவ்வொரு பேக்கிலும் வெள்ளை மார்க்கரால் கட்டடத்தின் பெயர், ஒழுங்கையின் பெயர், வீட்டு இலக்கம் மூன்றையும் எழுத வைத்தார். மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்த பெடியன்கள் கறுப்புப் பேக்குக்குள் கோழியெலும்பு போட்டபோது, அதை இலக்கம் தெரியப் படம் பிடித்துக் கட்டடத்தின் வட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே ஒரு கேள்விக்குறி. வேறு ஒரு சொல் இல்லை. பெடியன்கள் அந்த மாதமே பாமன்கடைப் பக்கம் வீடு மாறிப் போனார்கள்.

"பிழை செஞ்சவனுக்குப் பேர் ஈக்கோணும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

வீட்டுக்குள்ளும் அதே ஆட்சிதான். இரண்டு வயது மகன் ஆமிருக்கு நடக்க வந்த கையோடு, நிலத்தில் கிடப்பதை எடுத்துப் பேக்கில் போடப் பழக்கியிருந்தார். பிள்ளை கெட்டிக்காரன். நிலத்தில் கிடந்தது எதுவென்று பார்க்கமாட்டான். டீவி ரிமோட்டை ஒருமுறை குப்பையிலிருந்துதான் மீட்டார்கள். ஏழு வயது நிம்றாவுக்கு வாப்பா சொன்னால் அது வேதம். பள்ளியில் ஜூஸ் பெட்டியை எறியாமல் வீடுவரை கொண்டுவருவாள்.

மலைப்பக்கம் ஒரு பயணம் போகலாம் என்று முதலில் சொன்னது பௌஸியின் மனைவி லுத்பியா.

"புள்ளையல் பச்சையக் காணுறது மரக்கறிக் கடையில மட்டுந்தான்" என்றாள். "வருசம் முழுக்க இந்தச் சுவரையும் ரயில் சத்தத்தையும் வெச்சிக்கொண்டு என்ன செய்ற?"

மஸ்கெலியாவுக்கு அப்பால், ஓர் ஓடைக்கரையில் மரத்தால் கட்டிய சிறிய விடுதி ஒன்றை பௌஸி தேடிப் பிடித்தார். வேன் லுத்பியாவின் தம்பி ஸப்வானுடையது. வாங்கி அதிக நாளாகவில்லை. ஆசனமெல்லாம் பால் நிறம். சாவியைக் கொடுக்கும்போது ஸப்வான், "மச்சான், ஒண்டும் சொல்றேல்ல. ஸீட்ட மட்டும் பாத்துக்கோங்க" என்றான். ஒன்றும் சொல்லாமலே அதை மூன்று தரம் சொன்னான்.

இயற்கையைப் பார்க்கப் போகிறவர்கள் இயற்கையை நம்பிப் போகக்கூடாது என்பது லுத்பியாவின் கட்சி. ரைஸ் குக்கர், மசாலா தடவிக் குளிரூட்டிய கோழி, பிள்ளைகளின் தலையணை, மின்சாரம் போனால் டோர்ச், டோர்ச் போனால் மெழுகுதிரி எல்லாம் வேனில் ஏறின. பௌஸி தன் பங்குக்கு ஒரு பச்சைப் பேக்கும் ஒரு கறுப்புப் பேக்கும் எடுத்துவைத்தார். இரண்டிலும் வெள்ளை எழுத்தில் பெயரும் இலக்கமும் வீட்டிலேயே எழுதியாயிற்று. மலையில் அவற்றை யார் வாசிக்கப் போகிறார்கள் என்று லுத்பியா கேட்டாள். பழக்கம் என்றார் அவர்.

விடுதியில் ஒரேயொரு விதி, வாசற்பலகையில் எழுதியிருந்தது: கொண்டுவரும் குப்பையைக் கொண்டு போங்கள். அதைப் பார்த்த பௌஸி, தூரதேசத்தில் சொந்தக்காரனைக் கண்டவர்போல நின்று இன்னொரு முறை வாசித்தார்.

அங்கே நல்லாயிருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். நிம்றா இரத்தம் உறிஞ்சும் அட்டைக்குப் பயந்து சட்டைப் பையில் உப்பு வைத்திருந்தாள். உப்பு வீணாகிவிடுமோ என்ற கவலையில் அட்டையைத் தேடித் தேடிப் போனாள். ஆமிர் ஓடையில் உட்கார்ந்து, இடுப்பில் கட்டிய பெம்பர்ஸ் தண்ணீரில் ஊதி, எழும்ப முடியாமல் சிரித்தான். பௌஸி தண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டு ஒரு கல்லில் பேசாமல் இருந்தார். நிம்றா கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துவிட்டு, "வாப்பா, இங்க வந்து நீங்க ஒருத்தரையும் ஏசல்லியே" என்றாள். அவர் சிரித்தார். பிறகு யோசித்தார்.

இரண்டாம் நாள் நிம்றாவின் இளஞ்சிவப்புச் செருப்பில் ஒன்றைக் காணவில்லை. முன்னால் பிளாஸ்டிக் பூ வைத்தது, புதியது. அவள் அழுத அழுகை ஓடைச் சத்தத்தையும் மீறியது.

"கொரங்குதான் கொண்டு போயீக்கி" என்று லுத்பியா முடிவு கட்டினாள்.

"இந்தப் பக்கம் கொரங்கு வர்றதில்லீங்க நோனா" என்றார் விடுதிக்காரர்.

"அப்ப யார் எடுத்த?"

குரங்கென்றால் குரங்கு என்று விடுதிக்காரர் போய்விட்டார். இல்லாத குரங்குமேல் பழி போட்டுவிட்டு எல்லோரும் தேநீர் குடித்தார்கள்.

அன்று மாலையே ஆமிருக்கு வயிறு போகத் தொடங்கியது. விடியும்வரை பெம்பர்ஸ், துடைக்கும் கடதாசி, திரும்பவும் பெம்பர்ஸ். பச்சைப் பேக்கை வெட்டிப் பிள்ளைக்குக் கீழே விரிக்க வேண்டியதாயிற்று. ஆகவே கோழியெலும்பு, சோற்றுப் பருக்கை, தயிர்க் கோப்பை, பெம்பர்ஸ் எல்லாம் ஒரே கறுப்புப் பேக்குக்குள் போயின. உக்கும், உக்காது என்ற பேச்சை அன்று ஒருவரும் எடுக்கவில்லை.

காலையில் புறப்படும்போது பௌஸி பேக்கின் வாயை இறுக்கிக் கட்டி, விடுதி வாசலில், பின்னால் மலை தெரிய வைத்துப் படம் எடுத்தார். "எங்கள் குப்பை எங்களோடு" என்று எழுதிக் கட்டடக் குழுவில் போட்டார். எழுதும்போது அது உண்மைதான். சங்கத் தலைவர் கேதீஸ்வரன் 'முன்மாதிரி' என்று பதில் போட்டார். மற்றவர்கள் கைதட்டும் படங்கள் அனுப்பினார்கள்.

மலைப் பாதை வளைவு மேல் வளைவாக இறங்கியது. வெயில் ஏற ஏறப் பின்னாசனத்துக்குக் கீழிருந்து அந்தக் கறுப்புப் பேக் தன் இருப்பைத் தெரிவிக்கத் தொடங்கியது. ஜன்னலைத் திறந்தார்கள். ஆமிர் இன்னொரு முறை போனான். நிம்றா சட்டையால் மூக்கை மூடிக்கொண்டாள். ஒரு வளைவில் பேக் சரிந்து, ஏதோ ஒன்று ஸப்வானின் பால் நிற ஆசனத்தின் காலை நோக்கி ஊர்ந்தது.

"எனக்கேலா" என்றாள் லுத்பியா, வாயில் கைவைத்தபடி. "ஒண்டில் அத வீசுங்க. இல்லாட்டி என்ன எறக்கி விட்டுட்டுப் போங்க."

"வீசுறதா? என்ன கத கதைக்கிறீங்க?"

"கொழும்பு போற வரைக்கும் மடியில வெச்சிக்கொண்டு வாங்க, அப்ப."

பௌஸி வேனை நிறுத்தினார். சரிவெல்லாம் தேயிலை, கீழே எங்கோ தகரக் கூரைகளின் மினுக்கம். அவற்றை அவர் பார்க்கவில்லை என்பது முழுச் சரியல்ல, பார்க்காமலிருக்கக் கவனமெடுத்தார். சுற்றிலும் ஆளில்லை. பேக் அவர் கையைவிட்டுப் போனபோது இலைகளில் உரசி, உருண்டு, ஒரு சத்தத்தோடு நின்றது. என்ன சத்தம் என்று அவர் நின்று கேட்கவில்லை. கையைத் தண்ணீர்ப் போத்தலால் கழுவிக்கொண்டு திரும்பினால், ஜன்னலுக்குள்ளிருந்து நிம்றா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாப்பா, அங்க குப்பத் தொட்டி ஈக்கா?"

"கீழ ஒரு மாமா நிக்கிறார் மகள். அவர் எடுப்பார்."

"மழ பெஞ்சாலும் நிப்பாரா?"

"நிப்பார்."

நிம்றா நிம்மதியானாள். வேன் நகர்ந்ததும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, வளைவு மறையும்வரை அந்த மாமாவுக்குக் கைகாட்டிக்கொண்டே வந்தாள். பௌஸி வீதியைப் பார்த்து ஓட்டினார். லுத்பியா மற்றப் பக்க ஜன்னலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கேட்டதுதான் நடந்தது.

அதன்பிறகு கட்டடத்தில் பௌஸி சாந்தமாகிவிட்டார். லிஃப்டில் ஒட்டியிருந்த எச்சரிக்கைத் தாள்கள் கிழிந்தபோது புதிதாக ஒட்டவில்லை. இரண்டாம் மாடியின் பச்சைப் பேக்குக்குள் பிளாஸ்டிக் தெரிந்தது. கண்டும் காணாததுபோலப் போனார். மலைக்காற்று மனுசனை எப்படி மாற்றிவிட்டது என்று எல்லோரும் வியந்தார்கள். ஸப்வானின் வேனை மட்டும் அவர் தன் கையால் மணிக்கணக்காகக் கழுவினார். அந்தப் படத்துக்கு யாராவது இன்னும் கைதட்டினால் கைபேசியைக் குப்புற வைத்துவிடுவார்.

சில வாரங்கள் போயின. ஒரு மாலை, மரக்கறி லொறி ஒன்று ஒழுங்கைக்குள் வந்து நின்றது. கடற்கரையில் நடந்துவிட்டு வந்த கேதீஸ்வரன் அப்போது வாசலில் நின்றார். ஓய்வுபெற்ற எஞ்சினியர், யாழ்ப்பாணத்துக்காரர். லொறிச் சாரதி கட்டடத்தின் பெயர்ப் பலகையையும் தன் கையிலிருந்த கறுப்புப் பேக்கையும் மாறி மாறிப் பார்த்தான். பேக் சேறு காய்ந்து வெளிறிப்போய் இருந்தது, வாய் கட்டியபடியே. வெள்ளை எழுத்து மட்டும் மங்கவில்லை. நல்ல மார்க்கர்.

"ஒங்க சாமானுங்களா ஐயா?" என்றான் சாரதி. "எங்க தோட்டத்து லயத்துப் பீலிக்கு மேல கெடந்துச்சு. நாங்க தண்ணி புடிக்கிற எடங்க. குடிக்கிற தண்ணி. மஸ்கெலியாவிலருந்து எப்பிடியும் இந்தப் பக்கம் மரக்கறி ஏத்திட்டு வர்றதுதானே, பேரும் எழுதியிருக்கு, குடுத்துட்டுப் போவோம்னு."

கோபமே இல்லாமல் சொன்னான். தொலைந்த பொருளைத் திருப்பிக் கொடுக்கிறவனின் மரியாதை அது. பின்னால் யாரோ ஹோர்ன் அடிக்க, பேக்கை வாகனத் தரிப்பிடத்தில் வைத்துவிட்டு லொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கடையிலிருந்து பௌஸி வந்தபோது பேக்கைச் சுற்றி ஐந்தாறு பேர். தன் கையெழுத்தை அவர் தூரத்திலேயே கண்டுகொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். அந்த நினைப்பில் ஒருவகை ஆறுதலும் இருந்தது.

ஆனால் அவரை ஒருவரும் அப்படிப் பார்க்கவில்லை.

"வாங்கோ பௌஸி" என்றார் கேதீஸ்வரன். "உங்கட பேரைக் கெடுக்கிற வேலை ஒண்டு நடந்திருக்கு. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. நாங்கள் கண்டுபிடிச்சிட்டம்."

அவர்கள் கண்டுபிடித்தது இதுதான். பௌஸி தன் குப்பையைக் கொழும்புவரை கொண்டுவந்தார். அதற்குப் படம் சாட்சி. கட்டடத்தில் மாடிப்படி கூட்டி, பேக்குகளை ஒழுங்கை முனைக்குக் கொண்டுபோகும் பாக்கியலெட்சுமிக்கு மஸ்கெலியாத் தோட்டத்தில் அக்கா இருக்கிறார். அம்மன் திருவிழாவுக்குப் பாக்கியலெட்சுமி அங்கே போய்வந்ததும் அந்த நாட்களில்தான். தடித்த பேக்குகளைக் கழுவி மடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு உண்டு, எல்லோரும் கண்டிருக்கிறார்கள். பௌஸியின் நாலு பி வீட்டுப் பேக்கில் எதையோ கட்டிக்கொண்டு போய், அங்கே எறிந்திருக்கிறார். இதைவிட ஒழுங்காகப் பொருந்தும் கதை கிடையாது. உண்மைகூட இவ்வளவு ஒழுங்காகப் பொருந்தாது.

வேலை முடிந்து, சேலை மாற்றி, முகத்துவாரம் பஸ்ஸைப் பிடிக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்த பாக்கியலெட்சுமியைக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள்.

"நீர்தானே கொண்டு போனது? உள்ளதைச் சொல்லும்" என்றார் கேதீஸ்வரன்.

பாக்கியலெட்சுமி பேக்கைப் பார்த்தார். சூழ நின்றவர்களைப் பார்த்தார். பிறகு வீதியைப் பார்த்தார். அந்த பஸ்ஸை விட்டால் அடுத்ததில் நிற்கவும் இடமிராது.

"ஆமாங்க சேர். நாந்தான். இனிமே எடுக்க மாட்டேன். நா போறேங்க."

இல்லையென்று சொன்னால் எவ்வளவு நேரமாகும், ஆமென்று சொன்னால் எவ்வளவு நேரமாகும் என்று பல வீடுகளில் வேலை செய்து அறிந்தவர் அவர். ஆனால் அன்று அவருடைய கணக்குப் பிழைத்தது. ஐந்தாம் மாடி நோனா ஒருவர், குடிக்கிற தண்ணீரில் குப்பை போடுகிறவளைக் கட்டடத்துக்குள் வைத்திருப்பது எப்படி என்று கேட்டார். கேதீஸ்வரன் யோசித்துவிட்டு, "ஓம். மாசம் முடிய வேற ஆளைப் பாப்பம்" என்றார். பாக்கியலெட்சுமியின் கை, தோளில் மாட்டிய பையின் வாரில் இறுகியது. ஒத்துக்கொண்டதை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியாமல் நின்றார்.

அந்த இடத்தில் பௌஸி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் லிஃப்டுக்குள் போனார். நாலு என்ற பொத்தானை அமர்த்தினார். கதவு மூடியது. லிஃப்டுக் கண்ணாடியில் ஓர் ஆள் நின்றான். இவர் அவனைப் பார்க்கவில்லை; தரையைப் பார்த்தபடியே மேலே போனார்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் நிம்றா ஓடிவந்தாள். பல்கணியிலிருந்து லொறியையும் பேக்கையும் கண்டிருக்கிறாள்.

"வாப்பா, கீழ நிண்ட மாமா நம்மட பேக்கத் திருப்பி அனுப்பிட்டாரா? ஏன்? நாங்க ஏதும் பிழையாப் போட்டோமா?"

சமையலறையில் தண்ணீர்க் குழாயின் சத்தம் நின்றது. லுத்பியா கேட்டுக்கொண்டிருந்தாள்.

பௌஸி சப்பாத்தைக் கழற்றவில்லை. திரும்பிப் படிவழியாக இறங்கினார். லிஃப்டுக்குக் காத்து நின்றால் மனம் மாறிவிடும் என்ற பயம். பின்னால் நிம்றாவும் இறங்கினாள்.

கீழே கூட்டம் கலையும் நேரம். "பாக்கியலெட்சுமி ஒண்டும் செய்யல்ல" என்றார் பௌஸி, மூச்சு வாங்க. "நான்தான் வீசின. வார வழியில, வேனால எறங்கி."

கேதீஸ்வரன் அவர் தோளில் கைவைத்தார். அவர் கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"உங்கட மனசு எங்களுக்குத் தெரியும் தம்பி. ஆனா ஒரு ஏழைப் பொம்பிளைக்காக நீங்கள் இப்பிடிப் பழியைத் தலையில போடக்கூடாது. படம் எங்கட எல்லாற்ற ஃபோனிலயும் கிடக்கு."

"பெரிய மனுசன்" என்றார் ஐந்தாம் மாடி நோனா.

தன் பொய்யை நம்பிய ஊர் தன் உண்மையை நம்பாது என்பதை பௌஸி எதிர்பார்க்கவில்லை. பாராட்டைத் தாங்க முடியாமல் ஒரு மனிதன் குந்துவதை அந்தக் கட்டடம் அன்றுதான் கண்டது. அவர் குந்தி, பேக்கின் கட்டை அவிழ்க்கப் பார்த்தார். தான் கட்டிய முடிச்சு, அவிழவில்லை. கடைசியில் கிழித்தார்.

நாற்றம் முதலில் வந்தது. எல்லோரும் பின்வாங்கினார்கள். பெம்பர்ஸ் பெம்பர்ஸாக அவர் கையால் எடுத்துத் தரையில் வைத்தார். கோழியெலும்பு. தயிர்க் கோப்பை. அடியில், பெம்பர்ஸ் ஒன்றுக்குள் பாதி புதைந்து, பிளாஸ்டிக் பூ வைத்த ஓர் இளஞ்சிவப்புச் செருப்பு.

"என்ட செருப்பு!" என்று நிம்றா கத்தினாள். "உம்மா கொரங்கு எண்டு சொன்னாவே! தம்பிதான் பேக்குக்குள்ள போட்டீக்கான்!"

இதன்பிறகு ஒருவரும் பெரிய மனுசன் என்று சொல்லவில்லை. கேதீஸ்வரன் தரையில் கிடந்ததை நீண்ட நேரம் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்தது பௌஸி எதிர்பார்த்த கேள்வியல்ல.

"உக்கிறதையும் உக்காததையும் ஒண்டாவே போட்டனீங்கள், பௌஸி?"

மலையிலிருந்து எறிந்ததைவிட அது கேதீஸ்வரனைக் கூடுதலாகத் தாக்கியது போலிருந்தது. யாரோ மெல்லக் கைபேசியை உயர்த்தினார்கள். பௌஸி தடுக்கவில்லை, முகத்தையும் திருப்பவில்லை. கேள்விக்குறி மட்டும் போடுவார்களா, வேறேதும் எழுதுவார்களா என்று ஒரு நினைப்பு வந்து போனது.

அவர் பாக்கியலெட்சுமியிடம் திரும்பினார். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. "என்னை மன்னிச்சிக்கோங்க" என்பது மட்டுமே வெளியே வந்தது.

"சொல்றத மொதல்லயே சொல்லியிருந்தா பஸ்ஸையாவது புடிச்சிருப்பேனே சேர்" என்றார் பாக்கியலெட்சுமி. மன்னித்தாரா இல்லையா என்பது அந்தக் குரலில் இல்லை. "இப்ப பாருங்க, நா வேற பொய் சொன்னவளாப் போயிட்டேன்."

"நீங்க இங்கயே வேல செய்யோணும். நான் கதைக்கிறன்" என்றார் பௌஸி. யாரோடு கதைப்பது, இனித் தன் பேச்சுக்கு என்ன மதிப்பு என்று அவருக்கே தெரியவில்லை. கேதீஸ்வரன் தலையசைத்தார். ஐந்தாம் மாடி நோனா லிஃப்டைப் பார்த்து நடந்தார்.

காவலாளி ஒரு பச்சைப் பேக்கும் கறுப்புப் பேக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு விலகினான். மார்க்கரையும் மறக்கவில்லை. பௌஸி குந்தியபடியே எலும்பை வேறாகவும் கோப்பையை வேறாகவும் போடத் தொடங்கினார். பாக்கியலெட்சுமி உதவ வரவில்லை. அடுத்த பஸ்ஸுக்காகச் சுவரில் சாய்ந்து நின்றார். நிம்றா செருப்பை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி வாப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வாப்பா, அப்ப கீழ மாமா நிக்கல்லியா?"

"இல்ல மகள். ஒருத்தரும் நிக்கல்ல. வாப்பா பொய் சொன்ன."

நிம்றா செருப்பைப் பார்த்தாள். பூவில் சேறு. அவள் முகத்தில் கோபமில்லை, கோபமிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"அப்ப நான் யாருக்குக் கைகாட்டின?"

சுவரோரத்திலிருந்து பாக்கியலெட்சுமிதான் சொன்னார், பிள்ளையைத் தேற்றும் குரலில்:

"அங்கிட்டு எந்நேரமும் தண்ணிக்கு ஆளுங்க நிப்பாங்க பாப்பா. யாராச்சும் பாத்திருப்பாங்க."

பௌஸி மார்க்கரின் மூடியைக் கழற்றினார். கறுப்புப் பேக்கைத் தொடைமேல் விரித்து, கட்டடத்தின் பெயரை எழுதினார், ஒழுங்கையின் பெயரை எழுதினார். இலக்கத்துக்கு வந்தபோது அவர் கை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதையும், தூரத்திலிருந்து வாசிக்கும்படி, பெரிதாக எழுதினார்.